வேட்டித் துண்டும் காந்தி மார்க்கெட் கொசுறும்

1. கண்ணை மூடுகிறாளாம்

"அவா கண்ணை மூடிண்டு சுடறா, அரசி. இதுல டெக்னிக்கல் சமாசாரம் ஒண்ணும் கிடையாது. பொம்மனாட்டிக்கு அந்தச் சத்தம் தாங்கலை, அவ்வளவுதான்."

எங்கள் கிளப் செயலாளர் வரதராஜன் இதைச் சொன்னபோது என் கையில் மெஹருன்னிசா சுட்ட டார்கெட் தாள் இருந்தது. ஐந்து குண்டு. இரண்டு நடுக் கறுப்பு வட்டத்துக்குள். ஒன்று தலைக்கு மேலே. ஒன்று இடது ஓரம். ஐந்தாவது தாளிலேயே இல்லை. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"சார், நீங்க அவங்க கண்ணைப் பாத்தீங்களா, டார்கெட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் பார்த்தேன்."

"ஒரே நேரத்துலயா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு வாய் நீளம் என்று கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

என் பெயர் தமிழரசி. பொன்மலையில் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவள். டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் கேஜும் மைக்ரோமீட்டருமாக ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருச்சிக்கு வெளியே ஒரு ரைஃபிள் கிளப்பில் ஆர்மரராகச் சேர்ந்தேன். துப்பாக்கிகளைப் பராமரிப்பது, பழுது பார்ப்பது, சுடும் இடத்தில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு ஆமாம் சாமி போடுவதற்காக அல்ல.

கிளப்பில் ஏர் ரைஃபிள்தான் பெரும்பாலும். ஆனால் பழைய முறையில் மஸில்லோடர் ஒன்றும் உண்டு. லைசென்ஸோடு வைத்திருக்கிறோம். தோட்டா கிடையாது. ஒவ்வொரு முறையும் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தை ஊற்றி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, ராம்ராட் என்கிற நீளக் குச்சியால் அடிவரை இறக்கி, பின்னால் மருந்துக்குப் பொறி கொடுக்கிற கேப் மாட்டிச் சுட வேண்டும். அந்தத் துணித்துண்டுக்குப் பேட்ச் என்று பெயர். குழலுக்குள் முறுக்காக வெட்டியிருக்கும் வரிகளைக் குண்டு பிடித்துச் சுழன்று போக அந்தப் பேட்ச்தான் காரணம். தொழிற்சாலையில் செய்த தோட்டா என்றால் எல்லாம் ஒரே அளவு. இதில் சுடுகிறவரே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை.

பக்கத்து ஊர்க் கிளப்களோடு இந்த மஸில்லோடருக்கென்றே ஒரு போட்டி நடக்கும். எங்கள் அணிக்கு மூன்று பேர். இரண்டு இடம் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடம் மெஹருக்கா, புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் இளம் டாக்டருக்கா என்பதுதான் பேச்சு.

மெஹர் காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சை மொத்த வியாபாரம் செய்பவள். நாற்பதைத் தாண்டியவள். மகளை ஏர் ரைஃபிள் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேப்பமர நிழலில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "அக்கா, அந்தப் புகை வர்ற துப்பாக்கி எனக்குக் கத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். மகள் பத்தாம் வகுப்பு என்று சொல்லிப் பயிற்சியை விட்டுவிட்டாள். தாய் விடவில்லை. விடியற்காலை லாரி சரக்கை இறக்கிவிட்டு, கையில் எலுமிச்சை வாசனையோடு ஞாயிறு தவறாமல் வருவாள்.

"ரெண்டு வாரம் குடுங்க சார்," என்றேன். "அதுக்கப்புறமும் இப்படித்தான் சிதறுதுன்னா டாக்டரைப் போடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாயைத் திறக்காம இருக்கறதுக்காகவே குடுக்கலாம்," என்றார் வரதராஜன். நல்ல மனிதர்தான். அதுவும் உண்மை.

மெஹர் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "யா அல்லாஹ், நான் கண்ணை மூடுறேனா அக்கா?" என்று கேட்டாள். "மார்க்கெட்டுல லாரி டயர் வெடிச்சாக்கூட நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இவங்க இப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகமா இருக்கு."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தியை அவள் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள்.

2. கொசுறு

அடுத்த வாரம் அவளைச் சுடச் சொல்லிவிட்டு நான் டார்கெட் பக்கமே திரும்பவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குண்டுக்குக் குண்டு பார்த்தேன். இமை அசையவில்லை. சரி, கண் இல்லை. கையைப் பார்த்தேன்.

மருந்து அளக்க ஒரு சின்னப் பித்தளைக் குழாய் உண்டு. அதில் மருந்தை நிரப்பி, தலைதட்டி, அதைத்தான் குழலில் ஊற்ற வேண்டும். டப்பாவிலிருந்து நேரே குழலில் ஊற்றுவது எங்கள் கிளப்பில் மன்னிக்க முடியாத குற்றம். உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். மெஹர் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். நிரப்பினாள். விரலால் தலைதட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவினாள்.

"நிறுத்து! அது என்ன?"

"எது அக்கா?"

"தலைதட்டின பிறகு போட்டியே, அது."

அவள் தன் கையைப் பார்த்தாள். முழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ அக்கா! கொசுறு!"

இருபது வருஷம் கடையில் நின்ற கை. யாருக்கு அளந்து போட்டாலும் முடிவில் இரண்டு காய் சேர்த்துப் போட்டால்தான் அந்தக் கைக்கு வியாபாரம் முடிந்த திருப்தி. துப்பாக்கிக்கும் போட்டுவிட்டிருக்கிறாள். சில தடவை ஒரு சிட்டிகை, சில தடவை தாராளமாக. மருந்து கூடக் குறைய இருந்தால் குண்டின் வேகம் மாறும். மேலே கீழே ஏறி இறங்கும்.

"இங்க யாருக்கும் கொசுறு கிடையாது," என்றேன். "ஆண்டவனே வந்து கேட்டாலும் தலைதட்டுதான்."

"சத்தியமா அக்கா. இந்தக் கடையில மட்டும் நான் கஞ்சம்."

அன்றைக்கே ராம்ராடிலும் ஒரு வேலை செய்தேன். குண்டு அடியில் மருந்தோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, குழல் வாயின் மட்டத்தில் குச்சியில் ஒரு கோடு கீறினேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். சுடவே கூடாது, குழல் பிளந்துவிடும். இறக்கும்போது உரலில் இடிப்பதுபோல் குத்தக் கூடாது. ஒரே அழுத்தம், ஒரே மாதிரி. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டுக் கரியைத் துடைக்க வேண்டும். ஒரு தடவை துடைப்பது, இரண்டு தடவை விட்டுவிடுவது என்றால் குழல் ஒவ்வொரு குண்டுக்கும் வேறு குழலாகிவிடும்.

இவ்வளவும் செய்ததும் மேலே கீழே போவது நின்றது. மூன்று குண்டு ஒரே இடத்தில் கூடி விழுந்தது. ஆனால் மற்ற இரண்டும் எங்கேயாவது ஓடிவிடும். நாங்கள் அதை ஃப்ளையர் என்போம். கண்ணும் சரி, மருந்தும் சரி, குச்சியும் சரி. இன்னும் ஏதோ ஒன்று எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

3. வேட்டிப் பெட்டி

மஸில்லோடரில் ஒரு வசதி இருக்கிறது. சுட்டதும் பேட்ச் துணி கொஞ்ச தூரத்தில் விழுந்து கிடக்கும். ரேஞ்சில் சுடுவதை நிறுத்தி, கொடி மாற்றிய பிறகு போய்ப் பொறுக்கலாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பது மாதிரி இதைப் பார்த்தால் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். நான் முட்டி வலியோடு புல்லில் குனிந்து மெஹரின் பேட்ச்களைப் பொறுக்கினேன். மூன்று துணி முழுசாக இருந்தது, நடுவில் மட்டும் கரி வட்டம். இரண்டு துணி நடுவில் பொத்தலாகி, கருகி, நூல் நூலாகக் கிழிந்திருந்தது. ஃப்ளையரும் இரண்டுதான். பேட்ச் கிழிந்தால் நெருப்பு குண்டைத் தாண்டி ஓடும். குண்டு வரியைப் பிடிக்காது. போகிற இடம் அதற்கே தெரியாது.

எங்கள் பேட்ச் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. வரதராஜன் ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியக் குடும்பம். அவருடைய தகப்பனார்தான் கிளப்பில் இந்தத் துப்பாக்கியைத் தொடங்கிவைத்தவர். பழைய வேட்டியைத் துவைத்து, சதுரமாக வெட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். இப்போதும் உறுப்பினர்கள் பழைய வேட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். வேட்டிப் பெட்டி என்று அதற்குப் பெயர். மஸில்லோடர் சுடுகிற யாரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்து மைக்ரோமீட்டரில் துணி துணியாக வைத்துப் பார்த்தேன். நெருக்கிப் பிடிக்காமல் லேசாகத் திருகினால் துணிக்கும் கனம் தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வேட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா தேய்கிறது? உட்காருகிற இடம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிடும். மடிப்புக்குள் இருக்கிற இடம் புதுசாகவே இருக்கும். எல்லாவற்றையும் வெட்டிக் கலந்து போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

வரதராஜனிடம் சொன்னேன். இந்தப் போட்டிக்கு வேட்டிப் பெட்டி வேண்டாம், ஒரே தறியில் நெய்த புதுத் துணி வாங்கி ஒரே கனத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்றேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன பேசறேள்? என் தோப்பனார் இந்தத் துணியிலதான் சுட்டார். நானும் இதுலதான் சுடறேன். இந்த கிளப்புல இருந்த அத்தனை பேரும் இதுலதான் சுட்டா. எவனுக்கும் வராத கோளாறு ஒருத்திக்கு மட்டும் வருதுன்னா, கோளாறு துணியிலயா இருக்கு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதற்காகப் பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து சுடுங்க சார். மணல் மூட்டை மேல துப்பாக்கியை வச்சு. வேட்டித் துண்டுல அஞ்சு, என் துணியில அஞ்சு. பாத்துடுவோம்."

"பாத்துடுவோம்," என்றார் அவரும்.

உறையூருக்குப் பஸ் ஏறி, ஒரு தறிக்காரரிடம் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி வாங்கினேன். "இதை எதுக்கும்மா கேக்குறீங்க, தாவணிக்கா?" என்றார். துப்பாக்கிக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கஞ்சி போக ரெண்டு தண்ணி வெந்நீர்ல அலசிடுங்க. வெறப்பா இருந்தா மடங்காது," என்றார். அலசினேன். கிளப்பில் தடவுகிற தேங்காய் எண்ணெய் திருச்சி வெயிலில் தண்ணீராக ஓடி மருந்தை நனைக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர், "அடுப்புல என்ன, அல்வாவா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

4. மணல் மூட்டை

ஞாயிறு காலை வரதராஜன் வந்தார். நெற்றியில் திருமண், பேன்ட் சட்டை, கையில் தன் சொந்தக் காதடைப்பு. மெஹரும் நின்றிருந்தாள். அணியில் அவளுடைய இடம்தான் அந்தச் சுடும் மேசையில் பணயமாக இருந்தது. ஆனால் அவளுக்கு அன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லை. வேடிக்கை பார்ப்பதைவிடக் கொடுமை கிடையாது.

அவர் முதலில் வேட்டிப் பெட்டியிலிருந்து சுட்டார். நிதானமாக, துடைத்துத் துடைத்து, ஐந்து குண்டு. தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஐந்தும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குள் விழுந்திருந்தது.

"பாத்தேளா?" என்றார். "அதே துப்பாக்கி, அதே வேட்டி. பெருமாள் அனுக்கிரகம்."

மெஹர் என்னைப் பார்க்கவில்லை. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, "பரவாயில்லை அக்கா, நீங்க எனக்காக இவ்வளவு பண்ணினதே போதும்," என்றாள். அந்தப் 'போதும்' எனக்கு மூஞ்சியில் அறைந்தது போல இருந்தது. போதாது. எனக்குப் போதவே போதாது.

மேசையை ஒழுங்கு பண்ணுவோம் என்று குனிந்தேன். அவருடைய முழங்கை இருந்த இடத்தில் சில துணித்துண்டுகள் கிடந்தன. சுடாதவை. எண்ணெய்கூடத் தடவாதவை.

"இதெல்லாம் என்ன சார்?"

"எது? ஓ, அதுவா. வேண்டாம்னு போட்டது."

"ஏன் வேண்டாம்?"

"இது நைஞ்சது அரசி." ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினார். பார்க்கக்கூட இல்லை. "கை வச்சாத் தெரியாதா?"

அவர் போட்டுவிட்ட துண்டுகளிலேயே ஒன்றை எடுத்து எண்ணெய் தடவி அவர் முன்னால் நீட்டினேன். "ஒரே ஒரு குண்டு, இதை வச்சு சுடுங்க சார்."

"விளையாடறேளா? இதை வச்சு எவன் சுடுவான்? எங்க போகும்னு பெருமாளுக்குத்தான் தெரியும்."

"இதை வச்சுத்தான் சார் மெஹர் சுட்டாங்க."

அவர் என் கையிலிருந்த துண்டை வாங்கினார்.

"அவங்க டப்பாவுல கையை விட்டு எது வருதோ அதை எடுத்து வச்சாங்க. நீங்க பொறுக்கி எடுக்குறீங்க. உங்க அப்பாவும் பொறுக்கியிருப்பாரு. இங்க இந்தத் துப்பாக்கியைச் சுட்ட அத்தனை பேரும் பொறந்ததுலேருந்து வேட்டி கட்டின ஆம்பளைங்க. விரல் பட்டாலே எது நைஞ்சது, எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னுகூட உங்களுக்குத் தெரியாது. மெஹருக்கு யார் சார் சொன்னா?"

"இதெல்லாம் சொல்லித் தெரியற விஷயமா?"

"சொல்லணும் சார்! சொல்லாம விட்டுட்டு, அவங்க கண்ணு மேல பழி போட்டா எப்படி?"

என் குரல் உயர்ந்துவிட்டது. மெஹர் என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். வரதராஜன் அந்தத் துண்டை மறுபடி விரலில் தேய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். அப்புறம் உறையூர்த் துணியை எடுத்து அதையும் தேய்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

"எல்லாம் ஒண்ணா இருக்கே," என்றார்.

"அதுக்குத்தான் சார் வாங்கினேன்."

அந்தத் துணியில் அவர் சுடவே இல்லை. துப்பாக்கியைத் துடைத்து மூட்டை மேல் வைத்துவிட்டு, "மெஹர், நாளன்னிக்கு வாங்கோ. எல்லார் எதிர்லயும் அஞ்சு குண்டு. டாக்டரும் அஞ்சு. ரெண்டு பேருக்கும் இந்தத் துணிதான்," என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவளுக்கு வேண்டியது மன்னிப்பு அல்ல, ஐந்து குண்டு.

5. ஐந்தாவது குண்டு

டாக்டர் முதலில் சுட்டார். நல்ல பையன், நன்றாகவே சுட்டார். ஒன்றுகூட ஓடவில்லை. உறையூர்த் துணி அவருக்கும் உண்மையாகத்தான் இருந்தது. ஆளைப் பார்த்துத் துணி வேலை செய்யாது, அதுதான் அதன் பெருமை. ஆனால் மெஹருக்குச் சவால் கூடிவிட்டது.

அவள் மருந்தை நிரப்பினாள், தலைதட்டினாள். விரல் டப்பா பக்கம் போய் நின்றது. என்னைப் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் நாலும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போய் ஒரே ஓட்டையைப் பெரிதாக்கியது. தொலைநோக்கியில் பார்த்தேன். ஐந்தாவது அதே இடத்தில் விழுந்தால் இடம் அவளுக்கு. ஓடினால் டாக்டருக்கு. அவள் குழலைத் துடைத்தாள். குண்டை இறக்கினாள். கோடு வரை வந்ததா என்று குனிந்து பார்த்தாள். கேப் மாட்டினாள். எனக்கு அவள் முகம் முழுசாகத் தெரிகிற இடத்தில் நின்றேன். வேண்டுமென்றே அங்கே நின்றேன். யாராவது நாளைக்குக் கேட்டால் நான் சாட்சி சொல்ல வேண்டும்.

எனக்கு எதிரே, மெஹருக்கு அந்தப் பக்கம், வரதராஜன் நின்றிருந்தார். வெடித்தது. புகை கலைய நேரமாயிற்று. மெஹரின் கண் திறந்தே இருந்தது, பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆணி அடித்த மாதிரி. வரதராஜனின் கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு ரங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாருக்காக வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

ஐந்தாவதும் அதே ஓட்டைக்குள் போயிருந்தது.

மெஹர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, காதடைப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். எனக்குத்தான் வாய் நீளம் என்று நினைத்திருந்தேன்.

"சார், நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் சுட்டேன். நீங்கதான் பாக்கலை."

அவர் கடகடவென்று சிரித்தார். "ஆமாம்மா. சத்தம் தாங்கலை," என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். மருந்து ஒன்றாக இருக்கட்டும், துணி ஒன்றாக இருக்கட்டும், குச்சி இறங்குகிற ஆழம் ஒன்றாக இருக்கட்டும், துடைப்பது ஒன்றாக இருக்கட்டும். உங்கள் விரலுக்கு மட்டும் தெரிந்ததை வாய் திறந்து அடுத்தவருக்குச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகும் குண்டு ஓடினால், அப்போது வாருங்கள், சுடுகிறவரின் கண்ணைப் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் அந்தப் பேச்சை என் ரேஞ்சில் எடுக்க விடமாட்டேன்.

வேட்டிப் பெட்டி இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. குழல் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.